வெண்புள்ளியும் ரத்தசோகையும் ஒருவரிடமே இருந்தால்: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

எங்கள் பக்கத்தில், அதாவது கோபி, சத்தி, பவானி வட்டாரத்தில், ஒருவர் உடம்பில் வெள்ளை விழுந்துவிட்டது என்றால் வீட்டார் முதலில் கைவைப்பது அவருடைய சோற்றுத் தட்டில்தான். புளி நிறுத்தப்படும், தயிரும் மோரும் போகும், மீன், கருவாடு, முட்டை, எலுமிச்சை, நெல்லிக்காய் என்று ஒவ்வொன்றாக விலக்கப்பட்டுக் கடைசியில் வெள்ளைச் சோறும் பருப்புத் தண்ணீரும் மிஞ்சும். என் அத்தை ஒருவருக்கு 38 வயதில் மணிக்கட்டிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி தோன்றியபோது இப்படித்தான் பத்தியம் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் அதைப் பிசகாமல் கடைப்பிடித்தவர், கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இரண்டு இடங்களில் உட்கார வேண்டிய நிலைக்கு வந்தார். ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.2 கிராம். புள்ளிகளோ கை விரல்கள்வரை பரவியிருந்தன. "வெள்ளை ரத்தத்தையும் சேர்த்துக் குடிச்சுப்போடுச்சுங்க" என்றார்கள் உறவுக்காரர்கள்.

வெண்புள்ளி ரத்தத்தைக் குடிப்பதில்லை. இரும்புச்சத்துக் குறைவு வெண்புள்ளியை உண்டாக்குவதும் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படும்போது, அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடாமல் சில இடங்களில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலை எந்த வரிசையில் செய்வது, எந்தப் பரிசோதனையைக் கேட்பது, மாத்திரையையும் சாப்பாட்டையும் எப்படி அமைத்துக்கொள்வது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மருத்துவரிடம் போவதற்கு மாற்றாக அல்ல, போகும்போது கையோடு கொண்டுபோவதற்காக.

தொடர்பு எந்த வழியாக வருகிறது

தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்களை, உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே எதிரி என்று தவறாகக் கருதி அழித்துவிடுவதால் வெண்புள்ளி வருகிறது. இது தொற்று நோய் அன்று. தொழுநோய்க்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. மெலனின் உற்பத்திக்குத் தேவையான நொதி தாமிரத்தைக் கொண்டு இயங்குவது. இரும்பைக் கொண்டு அன்று. இதைக் கேள்விப்பட்டுச் செம்புக் குடத்துத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் பலர். தறியே உடைந்து கிடக்கும் வீட்டில் நூலைக் கொண்டுவந்து குவித்தால் துணி வராது. செல்கள் அழிந்துபோன இடத்தில் இரும்போ தாமிரமோ கூடுதலாகக் கொடுப்பதும் அப்படித்தான்.

அப்படியென்றால் தொடர்பு எங்கே இருக்கிறது? முதல் வழி இரைப்பை. தோலின் நிறமிச் செல்களைத் தாக்கும் அதே வகைத் தவறு, சிலரிடம் இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களையும் தாக்குகிறது. அமிலம் குறைந்தால் தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பு சரியாகக் கரைவதில்லை. கரையாத இரும்பு உடலில் சேர்வதில்லை. மாதவிலக்கு உள்ள பெண்களிடம் இந்த நோயின் முதல் அடையாளமே இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். அதே செல்கள்தாம் பி12 வைட்டமினை உறிஞ்சத் துணைசெய்யும் புரதத்தையும் சுரக்கின்றன என்பதால், சில ஆண்டுகள் கழித்து பி12 குறைபாடும் வந்து சேரும். மாதக்கணக்கில் சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை என்று சொல்லும் வெண்புள்ளிக்காரர் ஒருவரைக் கண்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரைப்பைதான்.

இரண்டாவது வழி தைராய்டு. வெண்புள்ளி உள்ளவர்களிடம் கூடவே காணப்படும் தன்னெதிர்ப்பு நோய்களில், அதாவது உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்களில், இதுவே மிகவும் பரவலானது. தைராய்டு மந்தமானால் பல பெண்களுக்கு மாதவிலக்கில் போக்கு அதிகமாகிறது. ஒவ்வொரு மாதமும் இழக்கும் இரும்பைச் சாப்பாடு ஈடுகட்ட முடிவதில்லை. கோதுமையின் குளுட்டன் ஒவ்வாமல் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் மற்றொரு வழி. அரிசி உண்ணும் நம் பகுதியில் அது அரிது. நாட்பட்ட வயிற்றுப்போக்கோ எடைக் குறைவோ இருந்தாலும், மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறாவிட்டாலும் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொரு வழியை நாமே வெட்டிக்கொள்கிறோம், அதுதான் பத்தியம். மீனும் இறைச்சியும் போனால் எளிதில் உடலில் சேரும் இரும்பு போகிறது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் கொய்யாவும் போனால், மிச்சமுள்ள தானிய இரும்பையாவது உடலில் சேர்க்க உதவும் வைட்டமின் சி போகிறது. இரண்டு கதவுகளையும் சாத்திவிட்டு, வெள்ளைதான் ரத்தத்தைக் குடித்தது என்கிறோம். மீனையும் பாலையும் சேர்த்து உண்டால் வெண்புள்ளி வரும் என்பதற்கோ, புளிப்பு அதைப் பரப்பும் என்பதற்கோ ஆதாரம் இல்லை.

தற்செயலுக்கும் பெரிய இடம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. உலக அளவில் வெண்புள்ளி உள்ளவர்கள் மக்கள்தொகையில் 0.5 முதல் 2 விழுக்காடுவரை என்று மதிப்பிடப்படுகிறது. ஆகவே வெண்புள்ளி உள்ள பெண்கள் பலரிடம் ரத்தசோகை இருப்பது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அது இருப்பதைப் போன்றதே. வெண்புள்ளி உள்ளவர்களின் ரத்தத்தில் இரும்பை அளந்து பார்த்த ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆனால் ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இந்தச் சமாதானம் செல்லாது. அவர்களுக்கு இரும்பு குறைந்திருந்தால் இரைப்பையிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் அந்த வெள்ளை எது என்று உறுதிசெய்யுங்கள்

எல்லா வெள்ளையும் வெண்புள்ளி அன்று. பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாக, ஓரம் தெளிவில்லாமல், லேசாகச் செதில் உதிரும் திட்டுகளைப் பார்த்தவுடன் "வயித்துல பூச்சி" என்று சொல்வோம். அவற்றில் பெரும்பாலானவை வறண்ட தோலில் வரும் சாதாரணத் திட்டுகள், தாமே மறையும். மார்பிலும் முதுகிலும் வேர்வையோடு பரவும் தேமல் பூஞ்சையால் வருவது. தொட்டால் உணர்ச்சி குறைவாகத் தெரியும் வெளிறிய திட்டு தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து உண்டு, தாமதிக்கக் கூடாது. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில் வட்டமாகவோ, ரப்பர் செருப்பு வார் படும் இடத்தில் வாரின் வடிவிலேயோ வெளுத்திருந்தால், பசையிலும் ரப்பரிலும் உள்ள வேதிப்பொருளே காரணமாக இருக்கக்கூடும். அந்தப் பொருளை உடனே விட்டுவிட வேண்டும்.

உண்மையான வெண்புள்ளி சுண்ணாம்பு போல வெளுத்து, ஓரம் தெளிவாக, செதிலோ அரிப்போ பெரும்பாலும் இல்லாமல், தொட்டால் உணர்ச்சி முழுமையாக இருக்கும். தோல் மருத்துவர் இருட்டறையில் ஊதா விளக்கைக் காட்டிச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். கோவை, திருப்பூர், பெருந்துறை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் ஊரார் கண்ணில் படுமே என்று அஞ்சி, இரவோடு இரவாக வெளியூர் வைத்தியரிடம் கூட்டிச்செல்லும் வீடுகளை நான் அறிவேன். அந்த ஒளிவுமறைவில் தள்ளிப்போவது தோல் சிகிச்சை மட்டுமன்று, ரத்தப் பரிசோதனையும்தான்.

ரத்தசோகையின் வெளிறல் வேறு. அது திட்டாக இராது. கீழ் இமையின் உட்புறம், நாக்கு, நகக்கண், உள்ளங்கை என எங்கும் ஒரேபோல் சிவப்பு குறைந்திருக்கும். படியேறினால் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, முடி கொட்டுதல், நகம் குழிந்து போதல், வாயோரப் புண் ஆகியவை கூடவே வரலாம். பச்சரிசி, சாம்பல், சுண்ணாம்பு, செம்மண் ஆகியவற்றைத் தின்னும் ஆசை இருந்தால் திட்டாதீர்கள். அது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

எந்தெந்தப் பரிசோதனை, அவற்றை எப்படிப் படிப்பது

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு மாத்திரை வாங்கி வருவதே இங்கு வழக்கம். அது ரத்தசோகை உண்டா என்பதை மட்டும் சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையாகக் கேளுங்கள், அதில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், அது சிவப்பணுவின் சராசரி அளவு. 80க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன, இரும்புக் குறைவை ஐயப்படலாம். 100க்கு மேலே என்றால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவை ஐயப்படலாம். வெண்புள்ளி உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இங்கே இருக்கிறது: இரைப்பைப் பாதிப்பினால் இரும்பும் பி12ம் ஒருசேரக் குறைந்தால், ஒன்று அணுவைச் சிறுக்கவைக்க, மற்றொன்று பெருக்கவைக்க, சராசரி எண் நடுவில் வந்து நின்று எல்லாம் சரி என்பதுபோல் ஏமாற்றும். ஆகவே எம்.சி.வி. சரியாக இருந்தாலும், ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் பெர்ரிட்டினையும் பி12ஐயும் தனியே பார்ப்பது நல்லது.

பெர்ரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்; குதிரில் எவ்வளவு தானியம் மிச்சம் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது போன்றது. 15க்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். 30க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் சிகிச்சை தொடங்குவார்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது இந்த எண் பொய்யாக உயரும் என்பதால், உடம்பு சரியில்லாத வாரத்தில் பார்க்க வேண்டாம். அணுக்கள் சிறுத்திருந்தும் பெர்ரிட்டின் நன்றாகவே இருந்தால், பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு இருக்கலாம். சத்தி மலை, ஆனைகட்டி, நீலகிரி பக்கத்துப் பழங்குடி மக்களிடம், சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரைக் கோளாறான அரிவாள் அணுக் கூறும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்குச் சேமிப்பைப் பார்க்காமல் இரும்பைக் கொடுத்துக்கொண்டே போவது தவறு.

வெண்புள்ளி இருப்பதால் டி.எஸ்.எச். என்னும் தைராய்டுப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிக்காகவும் தோலுக்காகவும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பயோட்டின் சில தைராய்டுப் பரிசோதனைகளைத் திரித்துக் காட்டும். சர்க்கரைக்கான மூன்று மாதச் சராசரி எண்ணும் இரும்புக் குறைவில் சற்றுக் கூடுதலாகத் தெரியக்கூடும். அதைக் கண்டு பதற்றம் வேண்டாம், வெறும்வயிற்றுச் சர்க்கரையையும் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். வயல் வேலைக்கும் தோட்டத்துக்கும் வெறுங்காலோடு போகிறவர்களானால், குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவையும் மறக்காதீர்கள். பூச்சி மருந்து கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தட்டை மறுபடி நிரப்புவது

கொங்கு நாட்டுக்காரருக்கு இது கடினமான பகுதி அன்று. பாட்டி காலத்துச் சமையலுக்குத் திரும்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 6 மில்லிகிராமும், கொள்ளில் அதைவிடக் கூடுதலாகவும் இரும்பு இருக்கிறது. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராம்கூடத் தேறாது. ராகிக் களி, எள்ளுருண்டை, நிலக்கடலை, முருங்கைக்கீரை எல்லாமே உதவும். ஆனால் தானியத்திலும் பருப்பிலும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைட்டேட் என்ற பொருளும் இருப்பதால், எண்ணில் தெரிவது முழுவதும் உடம்பில் சேராது. கம்பு மாவை இரவே கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சுவதும், கொள்ளை முளைகட்டிச் சமைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. நம் முன்னோர் ருசிக்காகச் செய்தார்களோ பழக்கத்தால் செய்தார்களோ, வேலை சரியாகவே நடந்திருக்கிறது.

கூடவே ஏதாவது ஒரு புளிப்பு வேண்டும். அரிசிம்பருப்புச் சாதத்தில் பாதி எலுமிச்சையைப் பிழியலாம், கொள்ளு ரசத்தோடு ஒரு நெல்லிக்காயைக் கடிக்கலாம், சாப்பிட்டதும் ஒரு கொய்யா தின்னலாம். இரும்பு வாணலியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியின் இரும்பும் சிறிது குழம்பில் இறங்கும். அசைவம் உண்பவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் சிறந்தவை. கருவுற்றவர்கள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிகுதி. தயிரை விலக்கத் தேவையில்லை, மாத்திரை போடும் நேரத்தோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

தேநீரைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கும் ஊர்கள் நம்முடையவை. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் பலர் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடைவெளியே விடுவதில்லை. தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைக் கட்டிப்போடும். விட்டுவிடச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

மாத்திரையைச் சாப்பிடும் முறை

ஹீமோகுளோபின் இறங்கிவிட்ட பிறகு சாப்பாடு மட்டும் போதாது. குறைந்த ரத்தத்தை ஏற்ற மாத்திரை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பெரியவர்களுக்கான சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். அளவை மருத்துவர் முடிவுசெய்யட்டும். ஒரு முறை இரும்பு உட்கொண்டதும், மேலும் இரும்பு நுழையாமல் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஒரு நாளளவு உயர்ந்து நிற்கும். எனவே ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும் பலருக்குப் பலனளிக்கிறது, வயிற்றுப் புரட்டலும் குறைகிறது. வயிறு ஒத்துக்கொள்ளாமல் மாத்திரையை மூலையில் போட்டவர்கள் இந்த முறையைப் பற்றிக் கேளுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு வெறும்வயிற்றில் விழுங்குவது சிறந்தது. முடியாவிட்டால் சாப்பிட்ட பிறகாவது போடுங்கள். மலம் கறுப்பது இயல்பு. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிறு குழந்தைகள் பல மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பு: அதற்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையில் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டையும் காலையில் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, தைராய்டும் அடங்கவில்லை, ரத்தமும் ஏறவில்லை என்று வருந்துபவர்கள் ஏராளம். கால்சியம் மாத்திரையையும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும்கூட விலக்கியே போட வேண்டும். நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டி வந்தால், ஊசி ஏற்றும் இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தோன்றியவுடன் செவிலியரிடம் சொல்லுங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் பழுப்புக் கறை நெடுநாள் நிற்கும். ஏற்கெனவே நிறத்தைப் பற்றிய கவலையில் இருப்பவருக்கு அது இன்னொரு தலைவலி.

வெண்புள்ளி மருந்தும் ரத்தமும்

தோலுக்குக் கொடுக்கும் சிலவும் ரத்தத்தைத் தொடும். வெண்புள்ளிக்கு என்று துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் அதிக அளவில் சாப்பிட்டால் உடலில் தாமிரம் குறைந்து, இரும்புக்கு மசியாத ஒருவகை ரத்தசோகை வரும். பரவலை நிறுத்தச் சிலருக்குக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பது. ஸ்டீராய்டு மாத்திரையோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசியலாம். கார்போக அரிசி சேர்ந்த மருந்துகளைச் சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் வெயிலோடு சேர்ந்து வினைபுரியும் சோரலென் உண்டு, அளவு மீறினால் தோல் வெந்துபோகும், கல்லீரலும் பாதிக்கப்படலாம். எந்த முறையில் வைத்தியம் பார்த்தாலும், சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருதரப்பு மருத்துவரிடமும் காட்டுங்கள். பெயர் சொல்லாமல் பொட்டலமாகக் கொடுக்கும் மருந்தை மறுத்துவிடுங்கள்.

ரத்தம் ஏறினால் புள்ளி மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது: ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் களிம்புகள், வாரம் இரண்டு அல்லது மூன்று முறை கொடுக்கப்படும் 311 நானோமீட்டர் புறஊதா ஒளி, பரவாமல் நின்றுவிட்ட புள்ளிகளுக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை. முகமும் கழுத்தும் நன்றாகத் தேறும். விரல் நுனியும் உதடும் பிடிவாதம் பிடிக்கும். ஒளிச் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் வந்துபோக வேண்டும் என்பதால், நடந்தாலே களைத்துப்போகும் ஒருவர் பாதியிலேயே நிறுத்திவிடுவார். ரத்தத்தை முதலில் சீராக்குவதில் இந்த நடைமுறைப் பயன் ஒன்று உண்டு.

மாத்திரை தொடங்கிய 4 வாரத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். 1 முதல் 2 கிராம்வரை ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் அளவைக் கூட்டுவதற்கு முன், மாத்திரை தவறாமல் உள்ளே போகிறதா, தேநீரோடு போகிறதா, மாதப்போக்கு அதிகமா, இரைப்பையில் கோளாறா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பி தேவைப்படும் இடம் இதுதான். ஏறி இயல்புக்கு வந்த பிறகும் குதிர் நிரம்ப மேலும் 3 மாதம் தொடர வேண்டும். அத்தைக்கு 4 வாரத்தில் அரைக் கிராம்கூட ஏறவில்லை. அதன் பிறகுதான் தைராய்டு பார்த்தார்கள், அது மந்தமாக இருந்தது. முடிவுகளைக் கேட்டுவிட்டு அவர் மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்போ புளிக்கொழம்பு ஊத்திக்கலாமுங்களா?" என்பதுதான்.